எதிர் ஷிப்டுக்காரர்

ஓசூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் காலையில் போய் நின்றால், மாஸ்டர் சர்க்கரையைப் பற்றிக் கேட்கமாட்டார். "போறீங்களா, படுக்கறீங்களா?" என்றுதான் கேட்பார். வேலைக்குப் போகிறவருக்கு டிகாஷன் தூக்கலாக விழும். நைட் ஷிப்ட் முடித்துப் படுக்கப் போகிறவருக்குப் பால் தூக்கலாக விழும். ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடிக்கும் இருவரில் ஒருவருக்கு அது காலை, மற்றவருக்கு இரவு. குடித்து முடித்தவர் ஏழு மணி வெயிலில் "குட் நைட்" சொல்லிவிட்டுப் போவார், யாரும் சிரிக்கமாட்டார்கள். வந்த புதிதில் நான் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் எதிரே வருகிறவர் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பார். இங்கே "இன்னா ஷிப்டு?" என்று கேட்கிறார்கள். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் என எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சில சொற்களில் இது ஒன்று. தொழிற்பேட்டைக்கு உள்ளே அது வேலை முறையின் பெயர்: ஃபர்ஸ்ட், செகண்ட், நைட். வெளியே வந்தால் அதே சொல் வினையாகிவிடுகிறது. வீடு மாறிக் குடிவந்தவரைப் பார்த்து "ஷிப்ட் ஆயிட்டீங்களா?" என்பார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எனக்கு இருந்தது. தினமும் எதையாவது எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் இதையும் ஒரு நாள் எழுதி வைத்தேன்: பெயர்ச்சொல்லாக இருக்கும்போது ஷிப்ட் வாரா வாரம் திரும்பி வருகிறது, வினையாக இருக்கும்போது ஒரே தடவை நடந்து முடிந்துவிடுகிறது, நடப்பதாக இருந்தால். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப் போல வேறு ஊர்களிலிருந்து இங்கே வந்து கிடப்பவர்களும், அந்த "நடப்பதாக இருந்தால்" என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே ஒரு தொழிற்சாலையில் டூல் ஸ்டோர் கீப்பராக வந்து சேர்ந்தேன். பழைய கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஒரே கட்டில், வாடகைக்கு இரண்டு பேர். நான் வேலைக்குப் போகும்போது மற்றவர் படுப்பார். நான் வரும்போது அவர் கிளம்பியிருப்பார். இப்படிக் கட்டிலைப் பங்கு போட்டுக்கொள்பவருக்கு இங்கே "எதிர் ஷிப்டுக்காரர்" என்று பெயர். என்னுடைய எதிர் ஷிப்டுக்காரர் விழுப்புரம் பக்கத்துக்காரர். இரண்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். அவருக்கு எந்தச் சோப்பு பிடிக்கும், தலைக்கு எந்த எண்ணெய், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் குரல் நினைவில் இல்லை. ஜனவரிப் பனியில் வேலை முடிந்து வந்து படுக்கும்போது போர்வையில் அவர் விட்டுப் போன சூடு இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் தூங்கிவிட வேண்டும் என்று அவசரமாகக் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த வருஷங்களில்தான் எனக்கும் கோமதிக்கும் கல்யாணம் ஆயிற்று. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அலைந்து திரிந்து வாங்கிய வேலை. அதை எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிடுவதா, அங்கேயே இருப்பதா என்பதைத்தான் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கோடை விடுமுறைக்கு வந்து ஒரு மாதம் இருந்து பார்ப்பது. மனசுக்குப் பிடித்தால் வேலையை விட்டுவிடுவது. நான் மாடி அறையை விட்டுவிட்டு, ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வாசல்கள் உள்ள ஒரு லைன் வீட்டில் கடைசி வீட்டைப் பிடித்தேன். வீட்டுக்காரம்மா பெயர் வெங்கடம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; எங்களோடு தமிழில் பேசுவார். ஒரு டிரங்குப் பெட்டியோடும் பையோடும் நாங்கள் போய் இறங்கியபோது, "ஷிப்ட் ஆயிட்டீங்களா அண்ணா? அவ்வளவுதானா சாமான்?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை அந்த வினை இன்னும் நடந்திருக்கவில்லை.

அந்த மாதம் எனக்கு நைட்டும் செகண்டும் மாறி மாறி வந்தன. நைட்டில் பகல் முழுதும் தூங்கினேன். செகண்டில் மத்தியானம் கிளம்பிப் போனேன். இடைப்பட்ட நேரத்தில் அவள் தனியாக இருந்தாள். முற்றத்துக் கொடிகள் எல்லாம் மற்ற வீட்டாருடையவை; கேட்காமல் துணி போட அவளுக்கு மனம் இல்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த என் துண்டு கெட்டியானது, லேசில் காயாது. எங்கள் வீட்டில் வாசல் கதவில் மட்டும்தான் வெயில் விழும். அதனால் துவைத்த துண்டைக் கதவின் வெளிப்பக்க நாதாங்கியில் மாட்டிவிடுவாள். காலையில் மாட்டினால் நன்றாக இருட்டிய பிறகுதான் எடுப்பாள்.

ஒரு வாரம் போனதும், சாப்பிட உட்கார்ந்த என்னிடம் கேட்டாள்: "உங்க ஊர்ல இருக்கிறவுக எல்லாம் மனுசங்கதானா, இல்ல சுவத்துல எழுதின படமா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"கொழாயடில அந்த வீட்டுக்காரம்மாகிட்ட ‘அக்கா, நல்ல தண்ணி எப்ப வரும்’னு கேட்டேன். வாயில வெரல வச்சுக் காட்டிட்டுப் போறாவ. நான் என்ன தெரு கூட்டியா கத்தினேன்?"

"புதுசுல்லா. பழகிருவாவ."

"பக்கத்து வீட்டு நூர்ஜஹான் இருக்காள்ல, அவ என்னைக் கண்டா கையால சாடை காட்டுதா, ஊமைகிட்ட பேசுத மாதிரி. கீரைக்காரி நாலு வீட்டு முன்னாலயும் கூவிட்டு நம்ம வாசலுக்கு வந்ததும் வாய மூடிக்கிட்டுப் போறா. நாம கீர திங்க மாட்டமா?"

மாடி அறையில் இருந்த காலத்தில் கீரைக்காரி வருகிற நேரமே எனக்குத் தெரியாது. "அவுகளுக்கு உன் பேச்சு புரியலையோ என்னமோ" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நாம என்ன ஆளுன்னு யாரும் விசாரிச்சிருப்பாவளோ?" என்றாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைத் தாண்டி வந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினாள். சாயங்காலம் மாம்பழக் காலத்து மழை ஷீட்டுக் கூரையில் அடித்துக்கொண்டு பெய்யும்போது மட்டும் எதையாவது பாடுவாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது அல்லவா? நான் அவளைச் சந்தைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போனேன். அங்கே அவள் சாதாரணமாகப் பேசினாள், பேரம்கூடப் பேசினாள். லைனுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வாள். விடுமுறை முடியும் வாரத்தில், நான் கேட்காமலே சொன்னாள்: "எனக்கு இந்த ஊரு வேண்டாங்க. நீங்க வந்து போயி இருங்க." எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவள் சொன்னது நியாயமாக இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் கோமதி துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். கடைசியாக நாதாங்கியில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வழியில் தலையில் கட்டிக்கொள்ள உதவும் என்று பைக்குள் வைத்தாள். அவள் உள்ளே வந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது. கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் யாரும் கதவைத் தட்டி நான் கேட்டது அதுவே முதல் தடவை. திறந்தால் வெங்கடம்மா, கையில் முறத்தில் அவரைக்காய். பின்னால் நூர்ஜஹான், அவளுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு பையன்கள்.

"அப்பாடா! இன்னிக்காச்சும் உங்க நாதாங்கிய கண்ணால பாத்தோம்" என்றாள் நூர்ஜஹான், தெருவே கேட்கும் குரலில். "தம்பி எழுந்துட்டாராக்கா?"

கோமதி விழித்தாள். "எந்தத் தம்பி?"

"அதான்க்கா, உள்ள தூங்கினே இருக்கறவரு. உங்க தம்பியா, இல்ல கொழுந்தனாரா?"

"உள்ள யாரும் இல்லையே."

வெங்கடம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு ஸ்டவ், கட்டிவைத்த பெட்டி. "எங்க அண்ணா அவரு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாடி அறையில் மட்டுமே இருந்து பழகிய எனக்கும் தெரியாத ஒரு லைன் வழக்கத்தைப் பிறகு வெங்கடம்மாதான் சொன்னார். "இங்க ஆம்பள நைட் ஷிப்டு முடிச்சுப் படுத்தா, நாதாங்கியில துணி போட்டு வெப்பாங்கம்மா. துணி கீதுன்னா யாரும் தட்ட மாட்டோம், சத்தமா பேச மாட்டோம். அண்ணன் வேலைக்குப் போனாலும் உங்க துண்டு அங்கியே கீது. செரி, உள்ள எதிர் ஷிப்டுக்காரரு யாரோ படுத்துகினு கீறாருன்னு நெனச்சோம்."

"ஒரு மாசமாக்கா!" என்றாள் நூர்ஜஹான். "அந்தத் தம்பிக்காக இந்தப் பசங்கள எத்தினி அடி அடிச்சிருப்பேன்! எங்க வூட்டுக்காரு குந்தாரப்பள்ளி சந்தைக்கு துணி மூட்ட கட்டறப்போகூட இருமல அடக்கிகினு கட்டுவாரு. இன்னாடா மனுசன் இப்படித் தூங்கறாரு, ஒடம்பு கிடம்பு செரியில்லியோன்னு எங்க அம்மாவூட்டுக்குப் போறப்போ காவேரிப்பட்டினம் வரைக்கும் இதே பேச்சுதான்."

கோமதி சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்து அப்போதுதான் கேட்டேன். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "நான் துண்டைக் காயப் போட்டேன்க்கா" என்றாள். "வேற எடத்துல வெயில் இல்ல. அதான் போட்டேன்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு மாதத்துக்கான பேச்சு நடந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சங்கரன்கோவில் எங்கே இருக்கிறது, அங்கே களி கிண்டுவார்களா, ஏன் இன்னும் குழந்தை இல்லை, யார் கண் வைத்தது, எல்லாம். பையன்கள் உள்ளே நுழைந்து மூலைமுடுக்கெல்லாம் அந்தத் தம்பியைத் தேடினார்கள். வெங்கடம்மா கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குப் போவாதம்மா. பஸ்ஸு நாளைக்கும் கீது" என்றார். கோமதி என்னைப் பார்த்தாள். "இருந்துட்டுப் போலாமே" என்றேன். அவள் பையின் வாரைத் தடவிக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குதே அக்கா" என்றாள். "அரிசி அறைச் சாவி எங்கிட்டதான் இருக்கு. பிள்ளைக தட்ட வச்சுக்கிட்டு உக்காந்துருக்குமே." வெங்கடம்மா முறத்திலிருந்த அவரைக்காயை அள்ளி அவள் பையில் போட்டார்.

பஸ் நிலையத்தில் சன்னலோரம் உட்கார்ந்தபின் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "உள்ள ஒரு ஆள் இருந்திருக்கான். எனக்குத்தான் தெரியாமப் போச்சு." பஸ் நகரும்போது, "ஒரு கொடி கட்டி வைங்க. அடுத்த லீவுக்கு வாரேன்" என்றாள்.

கொடி கட்டினேன். அடுத்த கோடையில் அவள் வயிற்றில் பிள்ளை. அதற்கடுத்த கோடையில் பிள்ளைக்கு அம்மை. பிறகு அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். எதுவும் பெரிய சண்டையோ தீர்மானமோ இல்லை. ஒவ்வொரு தடவையும் காரணம் சரியாகவே இருந்தது. மகள் இப்போது அங்கே எட்டாவது படிக்கிறாள். நான் அதே லைனில் அதே கடைசி வீட்டில் இருக்கிறேன். நூர்ஜஹானின் பையன்கள் வளர்ந்து சந்தைக்குப் போகிறார்கள். நான் படுக்கும்போது நாதாங்கியில் துணி போடுவதில்லை. யாராவது தட்டட்டும் என்றுதான். யாரும் தட்டுவதில்லை, என் ஷிப்ட் லைனில் எல்லோருக்கும் மனப்பாடம். எப்போதாவது நூர்ஜஹான் மட்டும் குழாயடியிலிருந்து கேட்பாள்: "இன்னாண்ணா, தம்பி இன்னும் எழுந்துக்கலியா?" "இல்லம்மா" என்பேன். எங்கள் லைனில் அந்தத் தம்பிக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. என்னிடம் சொன்னதில்லை.

சென்ற முறை லீவில் ஊருக்குப் போனபோது உடம்பு இன்னும் நைட் ஷிப்டில் இருந்தது. விடிந்ததும் கண் சொருகிவிட்டது. எழுந்து முகம் கழுவலாமா என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். கோமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள், திரும்பி வந்து என் துண்டை எடுத்துப் போய் வாசல் நாதாங்கியில் மாட்டும் ஓசை கேட்டது. சங்கரன்கோவிலில் அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பால்காரம்மா வழக்கம்போலத் தெரு கேட்க, "ஏ கோமதி, கதவுல என்னளா துண்டு தொங்குது? வீட்டுல யாரு?" என்று கூவினாள்.

"மெள்ளப் பேசுங்கக்கா" என்றாள் கோமதி. "எதிர் ஷிப்டுக்காரவுக வந்திருக்காவ. உறங்குதாவ."

பால்காரம்மாவுக்குப் புரிந்திருக்காது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இருவரும் ரகசியம் போலப் பேசிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. காற்றில் துண்டு அசைந்து கதவுப் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.