சீவிய உருத்து வேண்டாம் என்றேன்

என் கணவர் கண்ணை மூடி இரண்டாம் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு, உள்ளதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதிவிடுவதென்று தீர்மானித்தேன். தாய் தகப்பன் செத்த பிறகு வழக்குப் பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போன சகோதரங்கள் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். எனக்கு அந்த விசர்க்கூத்து வேண்டாம்.

நகைகளை முதலில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மகளின் மகனுக்கு ஒரு சோடிக் காப்பு.

"அம்மம்மா, நான் காப்புப் போட்டுக்கொண்டு கம்பஸுக்குப் போறதோ?"

"உனக்கில்லையடா. உனக்கு வரப்போறவளுக்கு."

"அவளுக்குப் பிடிக்காட்டி?"

"அப்ப அவளை விட்டிட்டு வேற ஒருத்தியைப் பார்."

இரத்மலானையில் இருந்த துண்டுக் காணி லண்டனில் இருக்கும் மகனுக்கு. நான் இருக்கும் ஃப்ளாட் மகளுக்கு. அவள் கல்கிசையில் வாடகைக்கு இருந்து அலுத்துப்போனவள். "வீட்டைத் தங்கச்சிக்கே எழுதுங்கோ அம்மா" என்று மகனும் போனில் சொல்லிவிட்டான். இப்படிப் பிள்ளைகள் ஆருக்குக் கிடைக்கும் என்று எனக்குள்ளே ஒரு பெருமை.

நன்கொடை உறுதிப் பத்திரம் எழுத, கொட்டாஞ்சேனையில் இருக்கும் நொத்தாரிசிடம் தனியாகத்தான் போனேன். விபரமெல்லாம் எழுதிக்கொண்டு, "சீவிய உருத்து வைச்சு எழுதட்டோ அம்மா?" என்று கேட்டார். வீடு மகளுக்குப் போனாலும், என் சீவன் உள்ளவரை அதில் இருக்கும் உரிமை எனக்கு என்று ஒரு வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன தம்பி, என்ர பிள்ளை என்னைத் தெருவில விட்டிடுவாளெண்டோ?"

"அப்பிடியில்லை அம்மா. தாயும் பிள்ளையுமெண்டாலும் வாயும் வயிறும் வேறையெண்டு சொல்லுவினம்."

"அது மற்ற வீடுகளில. நீங்கள் அந்த வரி இல்லாமல் எழுதுங்கோ."

பெற்ற பிள்ளையை நம்பவில்லை என்று உறுதியில் எழுதி, அதில் அவளையே கையெழுத்து வைக்கச் சொல்வதா? சீ! நானும் அவரும் அவளை அப்படியா வளர்த்தோம்? இதையெல்லாம் மகளிடம் சொல்லவும் இல்லை.

கையெழுத்து வைக்கும் நாள் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு போனேன். மகள் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். சாட்சிக்கு இரண்டு பேர். நன்கொடை கொடுப்பவள் கையெழுத்து வைத்தால் மட்டும் போதாது, வாங்குபவளும் "ஏற்றுக்கொண்டேன்" என்று வைக்க வேண்டும். மகள் உறுதியைக் கையில் எடுத்து வாசித்தாள். கடைசிப் பக்கம் வரை போய், திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

"இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. அந்நிய ஆட்களுக்கு முன்னால்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன். நெஞ்சில் இருந்ததை அப்படியே கொட்டினேன்.

"என்ன, வீட்டோட கிழவியும் வந்து தலையில விழுமெண்டு பயமோ? வாயைத் திறந்து சொல்லு. நான் எங்கையாவது ஒரு மடத்தில போய் இருக்கிறன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா. அந்த உறுதியில உங்களுக்கெண்டு ஒரு இடமும் இல்லை. நீங்கள் அங்க இருக்கலாமெண்டு ஒரு சொல்லுக்கூட இல்லை."

"நீ இருக்கேக்க எனக்கெதுக்கடி அது?"

"நான் இல்லாட்டி?"

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு ஏதும் நடந்தா வீடு உங்கட மருமகனுக்கும் பிள்ளையளுக்கும் போயிடும். அவை நல்லவைதான். எண்டாலும் உங்கட குசினியில ஒரு தேத்தண்ணி வைக்க நீங்கள் இன்னொருத்தரைக் கேட்டு நிக்கக்கூடாது."

"வாயைப் பொத்தடி! என்ன கதை கதைக்கிறாய்!"

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண் நிறையக் கண்ணீர். ஐயோ, இந்தப் பிள்ளையையா ஒரு நிமிஷம் தப்பாக நினைத்தேன்! அந்தப் படியிலேயே குந்திக்கொண்டு நானும் அழுதேன்.

நான் எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். நான் போன பிறகு ஆருக்கு என்ன, சண்டை வருமா, வராதா என்று ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். அந்த யோசனை எல்லாவற்றிலும் சாகிறவள் நான், இருக்கிறவள் அவள். மாறி நடக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பெற்றவளுக்கு அது எப்படித் தோன்றும்? அவளோ தான் செத்த பிறகு நான் எங்கே இருப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

திரும்பிப் போய், "தம்பி, அந்த வரியைப் போடுங்கோ" என்றேன். நொத்தாரிசு நல்ல மனிசன், அப்பவே சொன்னேனே என்று குத்திக்காட்டாமல் கம்பியூட்டரில் அடித்து, புதிதாக எடுத்து நீட்டினார். முதலில் நான் வைத்தேன். பிறகு அவள் வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் பிள்ளையார் கோயில் ஒன்று தெரிந்தது. "மல்லி, பொட்டக் நவத்தன்ன" என்று சிங்களத்தில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, மகளை உள்ளே இருத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன். சாமியிடம் நான் எப்போதும் நீளமாகக் கேட்பவள்: மகனின் இடுப்பு நோவு, பேத்தியின் பள்ளிக்கூடச் சோதினை, என் முழங்கால். அன்றைக்கு அவை ஒன்றும் வாயில் வரவில்லை.

அப்பனே, வரிசையை மாத்திப்போடாதை. என்னை முதல் எடு.