பன்னிரண்டாம் கார்த்திகையில் நின்றுபோன ராட்டினம்

ஜினசந்திரனின் ராட்டினத்தில் நோட்டீஸ் ஒட்டி மூடியவன் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் என்மேல் கோபப்படுவதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. 1964 கார்த்திகையில் நான் திருவண்ணாமலையில் காலரா ஊசி போடுகிறவனாக இருந்தேன். சுப்பிரமணி என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. ஊசிக்காரர் என்றால் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஜினசந்திரன் பக்கத்துச் சமண கிராமத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் நெல்லும் வேர்க்கடலையும் போட்டு ஒழுங்காகப் பிழைக்கிறவர்கள். இவருக்கு மட்டும் புத்தி வட்டமாக ஓடியது. வேலூரில் ஏதோ பொருட்காட்சியில் ராட்டினத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு தச்சரைப் பிடித்து உட்காரவைத்து எட்டுக் குதிரைகள் செதுக்கச் சொன்னார். நடுவில் ஒரு கம்பம். அதன் தலையிலிருந்து குடைக்கம்பிபோல எட்டு மரக்கைகள். ஒவ்வொரு கையிலும் இரும்புக் கம்பியில் ஒரு குதிரை, தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கும். எஞ்சின் கிடையாது, இவரேதான் எஞ்சின். கம்பத்தோரம் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார். அதனாலேயே கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள்.

அவர் குதிரையில் ஏறுகிற பிள்ளைகள் சாட்டை வைத்திருக்கக் கூடாது. குதிகாலால் விலாவில் உதைக்கக் கூடாது. உதைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி இறக்கிவிடுவார். "மரக்குதிரைதானேங்க, அதுக்கு வலிக்குமா?" என்று நானே ஒருநாள் கேட்டேன். "குதிரை மரம்தாங்க. உதைக்கிற காலு மரம் இல்லியே" என்றார். நான் வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

முதல் வருடம் நம் ஊரில் ராட்டினம் போட்டபோது ஒரு பெரிய தப்புச் செய்தார். வேலூரில் பார்த்தபடியே இடமாகச் சுற்றவிட்டார். திருவண்ணாமலைக்காரன் கோயிலை வலம் வருவான், மலையை வலம் வருவான், மாட்டை வண்டியில் பூட்டினால்கூட ஒரு தரம் வலமாகத் திருப்பிவிட்டுத்தான் கிளம்புவான். அவன் போய் இடமாகச் சுற்றுகிற குதிரையில் ஏறுவானா? மூன்று நாள் ஒரு குஞ்சுகூட ஏறவில்லை. "யாரைச் சபிக்க வந்தே?" என்று ஒரு கிழவர் கைத்தடியை ஓங்கினாராம். நாலாம் நாள் அச்சைக் கழற்றி, குதிரைகளைத் திருப்பி மாட்டினார். அன்று சாயங்காலம் ஏறுவதற்கு அடிதடி.

ஜோதியம்மாள் வந்தது 1953இல். செங்கம் பக்கத்துப் பெண், அப்போது பதினெட்டு வயது. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது, அவள் தாய் ஆராயி அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள்: உயிரைக் கொடு, பன்னிரண்டு கார்த்திகைக்கு என் பெண் உன் மலையைச் சுற்றுவாள். உயிரைக் கொடுத்த சாமி ஒரு காலைக் கொடுக்க மறந்துவிட்டார். இடது கால் சூம்பிப்போயிற்று. வண்டியில் சுற்றலாமே என்பீர்கள். கிரிவலத்தை வாகனத்தில் போனால் பலன் இல்லை, பாவம்தான் சேரும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. ஆகவே கோலை ஊன்றி நடக்கத் தெம்பு வந்த பிறகு புறப்பட்டவள், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டுவதற்குள் முடியாமல், மாட்டுச்சந்தைப் பக்கம் எங்கள் திடலில் வந்து உட்கார்ந்து அழுதாள். எதிரே ஜினசந்திரனின் குதிரைகள் மெதுவாக வலம் வந்துகொண்டிருந்தன. தூறலில் மலை பாதி தெரிந்தது, பாதி மேகத்துக்குள் இருந்தது.

"இது வண்டியாங்க?" என்று கேட்டாளாம்.

"வண்டின்னா ஒரு ஊருக்குப் போய்ச் சேரணும். இது எங்கியும் போகாதுங்க" என்றார் ஜினசந்திரன்.

ஆராயி ஓடிப்போய் மலையடிவாரத்திலிருந்து கையளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து கம்பத்தின் அடியில் வைத்தாள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த மௌலி குருக்களை வழிமறித்து, இதைச் சுற்றினால் செல்லுமா என்று கேட்டார்கள். குருக்கள் குதிரையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார். "மலையில ஒடைஞ்ச கல்லும் மலைதாம்மா. நூத்தியெட்டு சுத்துங்கோ" என்று சொல்லிவிட்டு, மேலே யாரும் கேட்பதற்குள் வேகமாக நடந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தீபத்தன்றும் ஜோதியம்மாள் வருவாள். நீலக் குதிரையில் உட்காருவாள். நூற்றெட்டு சுற்று. அந்த நேரத்தில் மற்ற குதிரைகளில் ஜினசந்திரன் யாரையும் ஏற்றமாட்டார், ஓடவும் மாட்டார். தூக்கத்தில் நடப்பவர்போலத் தள்ளுவார். கம்பம் முனகும். அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். சந்தை மாடுகளின் கழுத்துமணி, பொரி வறுக்கிற வாசனை, தூறல் எல்லாம் அவர்களைச் சுற்றி எங்கோ தூரத்தில் நடப்பதுபோல இருக்கும். நானே இரண்டு மூன்று முறை வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் அவர்கள் பேசிய பேச்சு இவ்வளவுதான்: "தலை சுத்துதுங்களா?" "இல்லிங்க." ஆனால் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே நீலக் குதிரைக்கு மட்டும் புது வர்ணம் அடிக்கப்படும். இதைக் கவனிக்க ஊசிக்காரனே போதும், ஜோசியக்காரன் தேவையில்லை. பதினோராவது வருடம் அவள் போன பிறகு, அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பன்னெண்டோட வேண்டுதல் முடிஞ்சிடும் இல்லீங்க? அப்புறம் அவங்க வரமாட்டாங்க இல்ல?" நான், "வரமாட்டாங்க" என்றேன். எனக்கு நாக்கு அப்படி.

அடுத்த வருடம் காலரா வந்தது. கிழக்கு நாடுகளிலிருந்து கப்பல் ஏறி, ஊர் ஊராக உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று பேப்பரில் போட்டார்கள். ஊருக்குள் வரும் ரோடுகளில் எல்லாம் நாங்கள் மேஜை போட்டு உட்கார்ந்தோம். ஊசி போட்ட சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கழனி வழியாக ஓடியவர்களைச் சேற்றில் துரத்திப் பிடித்துப் போட்டேன். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினோம், அந்தத் தண்ணீரை வாயில் வைக்கமாட்டேன் என்று பாதி ஜனம் அடம்பிடித்தது. திருவிழாவின் நாலாம் நாள் உத்தரவு வந்தது: சாமி புறப்பாடு நடக்கலாம், சர்க்கஸ், டூரிங் சினிமாக் கொட்டகை, ராட்டினம் எதுவும் கூடாது.

ஜனங்களுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "குதிரைக்கு வாந்தியா பேதியா?" என்று என்னை மடக்கினார்கள். "சாமிய மூட முடியல, குதிரைய மூடிட்டான்" என்று ஒருவர் காறித் துப்பினார். இன்னொரு கூட்டம், இந்த ஆட்டமெல்லாம் ஜாஸ்தியானதால்தான் சாமிக்குக் கோபம் வந்து காலரா வந்தது, மூடியதே நல்லது என்றது. இரண்டு கூட்டமும் என் மேஜைக்கு எதிரேதான் சண்டை போட்டுக்கொண்டன. குழந்தைகள் மட்டும் யாரையும் திட்டவில்லை. ராட்டினத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று, தார்ப்பாய்க்கு அடியில் தெரிகிற குதிரைக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

ஒன்பதாம் நாள் பிற்பகல் ஜோதியம்மாள் அண்ணன் கருப்பனோடு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தாள். கையில் சீட்டு, ஊசி போட்ட தோள் வீங்கியிருந்தது. ஆராயி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நோட்டீஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தரங்க. இது பன்னெண்டாவது வருசம்."

"ஒருத்தர ஏத்தினா ஊரே ஏறும்மா. முடியாது."

"நடுவுல ஒரு வருசம் வுட்டுட்டா மறுபடியும் மொதல்லருந்து பன்னெண்டு சுத்தணும்னு எங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்குதுங்க."

"சட்டம் சட்டம்தாம்மா" என்றேன். அவள் திரும்பி, கோலை ஊன்றிக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள். ஜினசந்திரன் கம்பத்தில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சும்மா இருக்காமல் நான் அவரிடம் சொன்னேன்: "உங்களுக்கு யோகம்தான். இனிமே இன்னும் பன்னெண்டு வருஷம் வருவாங்க. காலராவே உங்களுக்காகத்தான் கப்பல் ஏறி வந்திருக்குது."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கணம் அவர் முகத்தில் வந்து போனதைப் பார்த்து, ஏன் சொன்னோம் என்று வெட்கமாகிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே அவர் அதை நினைத்திருந்தார். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். உத்தரவுக்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருந்தால் போதும், பன்னிரண்டு கார்த்திகை அவருக்குக் கிடைத்துவிடும்.

தீபத்தன்று காலையில் என் மேஜைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ராட்டினத்துல ஆள ஏத்தக் கூடாது. அவ்ளோதானேங்க?"

"அவ்ளோதான்."

"அவங்க ஏற வேணாங்க. குதிரையப் புடிச்சிக்கினு கூடவே நடக்கட்டும். நான் மெல்லமா தள்றேன். மேல பிடிமானம் இருந்தா நடந்துடுவாங்க."

சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. இருந்திருந்தாலும் அன்று நான் தேடிப் பார்த்திருக்கமாட்டேன்.

பதினொரு மணிக்குத் தொடங்கினார்கள். ஜோதியம்மாள் கோலைக் கீழே போட்டுவிட்டு, நீலக் குதிரையின் கழுத்தை இடது கையால் கட்டிக்கொண்டாள். ஜினசந்திரன் கம்பத்தோரம் நின்று தள்ளினார். குதிரை அசைந்தது, அவளும் அசைந்தாள். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. கூட்டம் சேர்ந்துவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்று கத்தத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை. காலையில்கூட என்னைத் திட்டியவர்கள் கயிற்றை ஒரு விரல்கூடத் தாண்டாமல் நின்றார்கள். யாரோ "பதினாலு" என்று எண்ண, பிறகு திடலே சேர்ந்து மெல்லிய குரலில் எண்ணியது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஏழு வெறுங்குதிரைகள் மிதந்து வந்தன, எட்டாவதோடு ஒரு பெண் நடந்து வந்தாள். எனக்கு எது நிஜம் எது கனவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

நாற்பத்தொன்றில் விழுந்தாள். தூக்கப் போனேன். "தொடாதீங்க, நானே எழுந்துக்கறேன்" என்றாள். ஜினசந்திரன் ராட்டினத்தை மார்பால் தாங்கி நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். எண்பதுக்குமேல் சூம்பிய கால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே வந்தது, அந்தக் கோட்டில் சில இடங்களில் ரத்தம் இருந்தது. அவர் நடுவே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நூற்றேழு முடிந்ததும் ராட்டினம் நின்றுவிட்டது.

ஏதோ சிக்கிக்கொண்டது என்று கூட்டம் நினைத்தது. சிக்கவில்லை. அவர் கைகள் கம்பத்தோரக் கட்டையில்தான் இருந்தன, தள்ளவில்லை. தலை குனிந்திருந்தது. எனக்குத் தெரியும். இன்னும் ஒரு சுற்று தள்ளினால் அவள் போய்விடுவாள்.

ஜோதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பதினோரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியவள் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

"தள்ளுங்க" என்றாள், ரொம்ப மெதுவாக.

தள்ளினார். "நூத்தியெட்டு" என்று திடலே எண்ணியது. நானும்தான். கொஞ்ச நேரத்தில் மலை உச்சியில் தீபம் ஏறியது. திடல் முழுக்க "அரோகரா" என்று கையைத் தூக்கி மலைப் பக்கம் திரும்பிற்று. ஜினசந்திரன் மட்டும் கீழே குனிந்து, அவள் கோலைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கருப்பன் வண்டியைப் பூட்டிவிட்டதாகக் கூப்பிட்டான். வண்டி செங்கம் ரோட்டில் போய் மறையும்வரை அவர் நின்றார். பிறகு தார்ப்பாயை எடுத்து நீலக் குதிரையை மூடினார். நான் பக்கத்திலேயே நின்று தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.

தை மாதம். திருவிழா முடிந்து, காலராவும் அடங்கி, திடலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் என் மேஜை மட்டும் பாக்கி இருந்தது. செங்கம் பஸ்ஸிலிருந்து கோலை ஊன்றிக்கொண்டு ஜோதியம்மாள் இறங்கினாள். தனியாகத்தான் வந்திருந்தாள், கையில் ஒரு துணிப்பை.

"இன்னாம்மா, வேண்டுதல்தான் முடிஞ்சிடுச்சே. இப்ப ராட்டினமும் இல்லியே" என்றேன்.

"தெரியுங்க" என்றாள். "அவரு ஊருக்கு எந்த பஸ்ல ஏறணும்?"