ஈயத்துக்குப் பேரீச்சம்பழம்

மான் சுடுவது குற்றம் என்று எங்கள் ஜவ்வாது மலையில் எல்லாருக்கும் தெரியும். பொங்கல் வந்தால் மட்டும் மூன்று நாளைக்கு அது மறந்துபோகும். அப்படி மறந்துபோன ஒரு பொங்கலில்தான், ஒன்பது வயதில், நான் என் மாமாவின் பேரைக் கெடுத்தேன். அதுவும் ஒரு கைப்பிடிப் பேரீச்சம்பழத்துக்காக.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பக்கத்து வீடு. சாமைக் கொல்லைக்கு வரும் பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. ஊரில் இன்னும் நாலைந்து பேரிடமும் துப்பாக்கி உண்டு. ஆனால் அவர்கள் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டைப் போட்டுச் சுடுவார்கள். பளபளவென்று இருக்கும், காசும் கிடையாது. மாமா அதைக் கையாலும் தொடமாட்டார். அவருக்கு ஈயம்தான் வேண்டும். அதிலும் கண்ட ஈயம் ஆகாது. போளூருக்குப் போய், மீன்வலையில் கட்டும் ஈயத்தை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் கீறிப் பார்ப்பார். நகம் பதிந்தால்தான் வாங்குவார். கடைக்காரர், "இன்னாபா, கத்திரிக்காயா வாங்கற?" என்று கேட்டதை அவரே வந்து சொல்லிச் சிரிப்பார்.

"பால்ரஸ் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போய்டும். மானு ஓடிடும். எங்கியோ ஓடையில படுத்துனு ரெண்டு நாள் சாவும். ஈயம்னா பட்டதும் பூ மாதிரி விரியும். வெடிச் சத்தம் காதுல வுழறதுக்குள்ள உயிர் போய்டும். அதக்கூட செய்ய முடியாதவன் துப்பாக்கியத் தொடக்கூடாது" என்பார். சொன்னபடியே அவர் இரண்டாவது வெடி போட்டதாகச் சரித்திரமே இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தில் பாதி அதுதான்.

அந்த வருஷம் ஆறு ஈய உருண்டை செய்து சுருக்குப்பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். பொங்கலுக்கு முந்தின வாரம் ஆலங்காயத்திலிருந்து பழைய சாமான்காரர் வண்டியில் வந்தார். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" எங்கள் வீட்டில் இரும்பென்றால் அம்மாவின் அரிவாள்தான். அதைத் தூக்கினால் அம்மா என்னைத் தூக்கிவிடுவாள். ஈயமோ மாமா வீட்டில் சும்மா தொங்கியது. மாமா பொருள் யார் பொருள்? ஆறையும் கொடுத்துப் பழத்தை வாங்கி, புளியமரத்துக்குப் பின்னால் நின்று தின்று தீர்த்தேன். பை தொளதொளவென்று இருந்தால் மாட்டிக்கொள்வேனே! கொட்டைகளைக் கழுவிப் பையில் போட்டு, சுருக்கி, அதே ஆணியில் மாட்டினேன். பை பழையபடி உப்பிக்கொண்டது. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

வேட்டை நாள் காலையில் ஏழெட்டு ஆண்கள் மாமா வீட்டு வாசலில் கூடினார்கள். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றேன். மாமா பையைத் திறந்து இரண்டு விரலை விட்டார். விரல் உள்ளேயே நின்றது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துச் சுருக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஈயம் வாங்க மறந்துட்டேன்" என்றார்.

"அன்னிக்கி உருட்டினு இருந்தியேடா?" என்றாள் அம்மா.

"அது தீந்துபோச்சிக்கா."

அப்பாடா! மாமாவுக்குத்தான் எவ்வளவு மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க போய்ட்டு வாங்க, நான் வர்ல" என்று மாமா சொன்னதற்கு ஊர்ப் பெரியவர் ஒப்பவில்லை. "மொத வெடி உங்க வூட்டுது. அது தவறினா ஊருக்கு ஆவாது. பால்ரஸ் போட்டுக்கோ, இன்னா இப்போ?" யாரோ இரண்டை எடுத்து நீட்டினார்கள். அம்மா நின்ற பக்கம் மாமா ஒரு தரம் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள், மாமா வரவில்லை. "பட்டுது, ஆனா ஓடிட்ச்சி. ரத்தம் சொட்டினே போவுது, இவன் பின்னாலயே போறான். கூப்ட்டா வரமாட்டேன்றான்" என்றார்கள். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். சட்டை கிழிந்திருந்தது, காலெல்லாம் முள். கையில் கறி இல்லை, குழி தோண்டின மாதிரி உள்ளங்கையெல்லாம் மண்.

"கெடச்சிதாடா?"

"கெடச்சிது" என்றார். அப்புறம், "உயிரோட இருந்திச்சிக்கா" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். மாமா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. அம்மாவின் கை எட்டும் தூரத்தில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

ஒரே வெடிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று ஊரே கேட்டது. "கை நடுங்கிட்ச்சி" என்றார் எல்லாரிடமும். ஈயம் இல்லாமல் போனதைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு 'நடுங்கி' என்று பேர். அந்த மாதமே துப்பாக்கியைப் போளூர் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, பன்றி விரட்டத் தகர டின்னைக் கையில் எடுத்தார். இன்றைக்கும் டீக்கடையில் "இன்னா நடுங்கி, டீயா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிக்கிறார். அப்படி ஒரு மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, மாமா எனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். பிரித்தால் பேரீச்சம்பழம்! அதற்குப் பிறகு போளூர் போகும்போதெல்லாம் வாங்கி வருவார். எனக்கு அது பிடிக்கும் என்று அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை.

"தின்னு பாப்பா. கொட்டைய மட்டும் எங்கிட்ட குடுத்துடு" என்று உள்ளங்கையை நீட்டுவார்.

ஒன்று விடாமல் எண்ணிக் கொடுப்பேன். விதைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எங்கள் மலையில் பேரீச்சை காய்க்காது என்பதுகூடத் தெரியாத மாமாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.