பனிமலையில் என்னை விட்டுப் போன அன்று

ஆறு வருடங்கள் ஒரே ஜெபக்குழுவில் என் பக்கத்தில் முழங்காலிட்டவள், என்னைப் பனிக்குள் விட்டுவிட்டுப் போனாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. ஆண்டவர் செய்ததை மறைக்க முடியாததால்தான் இதைச் சொல்கிறேன்.

போன ஜனவரியில் இங்கிலாந்தின் மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இரண்டு நாள் நடந்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்க இருவரும் திட்டமிட்டோம். லண்டன் விம்பிள்டனில், என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்காக யோசித்தோம். கூடாரம் போட நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினோம். நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், மூன்றுக்கு முன் நடையை நிறுத்த வேண்டும். சுமை குறையக் கூடாரத் துணி என் பையில், கம்பிகள் அவள் பையில். போகும் வழியையும் தங்கும் இடத்தையும் எழுதி என் கணவரிடம் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் அவர் பொலிசுக்கு அழைக்க வேண்டும்.

முதல் நாளே உறைந்த கல்லில் வழுக்கி என் கணுக்கால் பிரண்டது. தங்கும் இடம் கிட்டத்தான். அங்கிருந்த ஆட்டுப்பட்டியின் கல்மதில் வரை அவள் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தாள். இருவர் போனிலும் சிக்னல் இல்லை.

“அக்கா, நீங்கள் இதில இருங்கோ. நான் கீழ இறங்கி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

அவசரத்தில் கம்பிகளும் அவள் முதுகிலேயே போய்விட்டன.

இருட்டியது. அவள் வரவில்லை. கூடாரத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு விசில் ஊதினேன். விரல்கள் மரத்தன. அவள் எங்காவது விழுந்துவிட்டாளோ என்று முதலில் அவளுக்காகத்தான் ஜெபித்தேன். பிறகுதான் எனக்காக. “ஆண்டவரே, நான் இருக்கிற இடம் வீட்டில் ஒருவருக்குத் தெரியும். அவரை எழுப்பும்.” இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என் கணவர் இரவு பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குப் போகுமுன் படுத்திருந்தார். அன்று மாலை ஐந்து மணிபோல யாரோ தோளில் தட்டியது போல விழித்தாராம். போனில் அவளுடைய செய்தி இருந்தது. “கூடாரம் போட்டாச்சு. ரெண்டு பேரும் சுகம்.” அந்தச் செய்தியோடு அவர் திரும்பப் படுத்திருக்கலாம். ஏனோ மனம் ஆறவில்லை. அவளுக்கு அழைத்தார்.

“தங்கச்சி, அவவிட்ட ஒருக்கா போனைக் குடுங்கோ.”

“அக்கா நித்திரை, அண்ணை.”

“கூடாரத்துக்குள்ள டிவி சத்தம் கேக்குதே?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

உடனே பொலிசுக்கு அழைத்து, நான் எழுதிக் கொடுத்ததை வரிவரியாக வாசித்தார். மீட்புக் குழுவின் விளக்குகள் நேராக அந்த மதிலுக்கே வந்தன. விடியும் வரை கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார்.

அவள் அடிவாரத்து விடுதியில் இருந்திருக்கிறாள். பெண்கள் தியானக் கூட்டத்துக்குப் போவதாகப் புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவள். பொலிஸ் வந்தால் அது வெளிவந்துவிடும். விடிந்ததும் என்னைக் கூட்டிவரலாம் என்று நினைத்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலருகே நின்றாள்.

“அக்கா, குழுவில மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.”

கால் எப்படி என்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் சபை வாசலில் என்னை இறக்கிவிட்டுப் போகிற என் கணவர், இப்போது உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இன்னும் முடியவில்லை. அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறேன். அதையும் ஆண்டவரிடமே சொல்லி அழுகிறேன்.

நம்பினவர் கைவிட்ட இடத்திலிருந்து யாராவது இதை வாசித்தால், அங்கிருந்தே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தைகள் தேட வேண்டாம். என்னுடையது பல் கிட்டிப்போய்ச் சொன்ன ஜெபம். அதை அவர் கேட்டார்.