ஆடு இழுத்துப் போட்ட தழை

என் அப்பாவுக்கு வரும் கோபமெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். சாப்பாட்டினாலேயே வந்த கோபம் ஒன்று இருந்தது. அது மட்டும் வருஷக்கணக்கில் தீரவில்லை.

அம்மா பிறந்த வீடு ஜவ்வாது மலையின் மேலே. அங்கே நடந்த ஒரு கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் யாரோ தெரியாத்தனமாக அப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளைக்கு இரண்டாம் பந்தியா? அப்பா இலையில் கை வைக்காமல் எழுந்து, "இனிமே இந்த வூட்டு வாசல்ல காலு வெச்சா ஏன்னு கேளு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு மலையிறங்கி வந்தவர்தான். அப்பா போகாத வீட்டுக்கு அம்மா மட்டும் எப்படிப் போவாள்? மலையிலிருந்து யாராவது சந்தைக்கு வந்தால் மாமா ஒரு பலாப்பழமோ கொஞ்சம் தேனோ கொடுத்தனுப்புவார். அப்பா அதைத் தொடமாட்டார். நாங்கள் தின்று முடித்த பிறகு, "பழம் எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் மட்டும் ரகசியமாகக் கேட்பார்.

எங்கள் ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம். வீட்டுக் கொல்லையில் நின்றால் நெல் வயல்களுக்கு அப்பால் மலை நீலமாகத் தெரியும். அம்மா துணி உலர்த்தும்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே உலர்த்துவாள். ஒரு புடவையை உலர்த்த இவ்வளவு நேரமா என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். அம்மா அடுத்த புடவையை எடுத்து உதறுவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டில் காதுகுத்து வந்தது. அவரும் மலைக்காரர். புளி விற்கச் சந்தைக்கு வந்தபோது அப்பாவோடு பழக்கமானவர். அவருடைய ஊர் வேறு, மாமாவின் ஊர் வேறு. "மொதநாளே குடும்பத்தோட வந்துருங்க. பாதை பிரியற எடத்துல எல்லாம் தழை போட்டு வெக்கிறேன், தழை கெடக்கற பக்கம் மட்டும் போவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது மலையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். முன்னே போகிறவர்கள், பின்னே வருகிறவர்களுக்காக, போகக்கூடாத பாதையின் குறுக்கே ஒரு பச்சைத் தழையைப் போட்டு, காற்று கொண்டுபோகாமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் பலகை அது.

அடிவாரம் வரை பஸ். அங்கிருந்து நடை. அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் மேல் தம்பியை உட்கார வைத்துக்கொண்டார். கையில் சீர்த்தட்டு மூட்டை வேறு. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நான் இவளக் கூட்டினு முன்னால போய் வழி பாக்கறேன். நீங்க புள்ளயத் தூக்கினு மெதுவா வாங்க" என்றாள். அப்பாவும் சரி என்றார். வீட்டில் நாலு எட்டு வைத்தாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் அம்மா, அன்றைக்கு ஏறிய வேகத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், வலது பக்கப் பாதையில் தழை கிடந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். அப்பா இன்னும் கண்ணில் படவில்லை. சட்டென்று குனிந்து தழையை எடுத்து இடது பக்கப் பாதையின் குறுக்கே போட்டாள்.

"இன்னாம்மா பண்ற?"

"ஆடு இழுத்துப் போட்டிருக்குதுடி. ஒழுங்கா வெக்கிறேன்."

பிறகு கல்லையும் தூக்கிவந்து அதன் மேல் வைத்தாள். அந்த ஆடு கல்லையும் சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறதே, எவ்வளவு பெரிய கொம்பு இருக்க வேண்டும் என்று நான் வியந்துகொண்டு நடந்தேன்.

காடு முடிந்ததும் ஒரு புல்வெளி வந்தது. அப்படி ஒரு வெளியை நான் பார்த்ததே இல்லை. வேலி இல்லை, வரப்பு இல்லை. இது யாருடைய நிலம், இதில் கால் வைக்கலாமா என்று கேட்க ஆளே இல்லை. இடுப்பளவு புல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். என் அம்மா ஓடி நான் பார்த்தது அன்றுதான். நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். நெல்லிக்காய் பறித்துத் தின்றோம். பாறை இடுக்கில் ஊறிய தண்ணீரைக் குனிந்து வாயால் குடித்தோம், நெல்லிக்காய்க்கு மேல் அது சர்க்கரையாக இனித்தது. அம்மா எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாட்டைப் பாதி மட்டும் பாடினாள், மீதி மறந்துபோயிற்று என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவள் தினமும் இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது.

வெளியின் நடுவே அகலமான ஒரு பாறை இருந்தது. அம்மா அதைக் காட்டி, "உங்கப்பா எங்க கல்யாணத்துக்கு வந்தப்போ செருப்பு அறுந்துபோய் இதுமேலதான் குந்தினு இருந்தாரு. மாப்பிள்ளைக்குச் செருப்பு தேடி ஊரே அலைஞ்சுது" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்பா வந்து சேர்ந்தார். தம்பியை இறக்கிவிட்டு அதே பாறையில் உட்கார்ந்தார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு தோளிலிருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரினார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வழி சரிதானா பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கீழே குனிந்து செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

வெளியைத் தாண்டி இறங்கினால் மாமாவின் ஊர்! முதல் வீடே மாமா வீடு. சாமை புடைத்துக்கொண்டிருந்த மாமி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். மாமா வாசலுக்கு வந்து நின்றார். அப்பா வாசலுக்கு வெளியே நின்றார். நடுவில் நான்.

அப்பா என்னைப் பார்த்து, "உங்க மாமன்கிட்ட சொல்லு. நாங்க வேற ஊருக்குப் போறவங்க. வழி தப்பி வந்துட்டோம்" என்றார்.

மாமாவும் என்னையே பார்த்து, "உங்கப்பாகிட்ட சொல்லு. வழி தப்பி வந்தவங்களா இருந்தாலும் சாப்டுட்டுத்தான் போவணும்" என்றார்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "வாசல்ல காலு வெக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்" என்றார். மாமா வாசலைத் தாண்டி வெளியே வந்தார். வீட்டுக்கு எதிரே பலாமரத்தடியைப் பெருக்கச் சொல்லி, அங்கே ஒரே ஓர் இலை போட்டார். அப்பாவுக்கு மட்டும். மாமா, மாமி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள், வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள், அத்தனை பேரும் சுற்றி நின்றோம்.

"மொதல் பந்தி மாப்ளைக்கு. அவரு கை கழுவினப்புறந்தான் இந்த ஊர்ல மத்தவங்க சாப்பாடு" என்றார் மாமா.

அப்பா கூச்சத்தில் நெளிந்துகொண்டு சாமைச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு கவளம்தான் போயிருக்கும். மலை மழை சொல்லிக்கொண்டா வரும்? சடசடவென்று கொட்டிவிட்டது. அப்பா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு மொச்சைக் குழம்பு வழியும் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வாசலையும் சபதத்தையும் ஒரே தாவலில் தாண்டி உள்ளே ஓடிப்போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டார். "மச்சான், இன்னொரு கரண்டி கொழம்பு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாமா ஈரத்தலையோடு நின்று சிரித்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சாயங்காலம் இன்னொரு கூத்து. காதுகுத்துக்குப் பம்பை அடிக்க வேண்டியவர்கள் தோளில் பம்பையோடு மாமா வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே காது குத்த வேண்டிய ஆசாரியும் வந்தார்.

"தழையப் பாத்துத்தாங்க வந்தோம். இது எந்த ஊருங்க?" என்று ஆசாரி கேட்டார்.

எல்லோரும் விழித்தார்கள். விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. "தழைய ஆடு இழுத்துப் போட்டுடுச்சு. எங்கம்மாதான் அத எடுத்து ஒழுங்கா வெச்சாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எரிகிற அடுப்பையே மறுபடியும் ஊதத் தொடங்கினாள். அப்பா மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "மலை ஆடு ரொம்பப் பொல்லாதது" என்றார்.

வந்தவர்களுக்கும் அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்ட தெம்பில் அவர்கள் பம்பை அடிக்க, ஊர்க்காரர்கள் கூடி ஆட, காதுகுத்து இல்லாமலேயே காதுகுத்துத் திருவிழா நடந்தது. மறுநாள் காலையில் மாமா வழிகாட்ட எல்லோரும் பம்பை முழங்கச் சிநேகிதர் வீட்டுக்குப் போனோம். ஆசாரியைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்த அவர், எதிர்பாராத திசையிலிருந்து ஓர் ஊரே வருவதைப் பார்த்துத் துண்டை உதறிக்கொண்டு எதிரே ஓடிவந்தார்.

இறங்கும்போது அதே பிரிவில் தழை வாடிக் கிடந்தது. வேலை முடிந்ததே என்று நான் அதை எடுத்தெறியப் போனேன்.

"இருக்கட்டும் வுடு. இன்னொரு தபா வர்றப்போ வழி தெரிய வேணாமா?" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். அவள் தோள் குலுங்கிற்று.

பாவம் அப்பா, அடுத்த தடவை வருவதற்குள் தழை காய்ந்து காற்றில் போய்விடும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று நான் இரக்கப்பட்டேன். வழி தப்பி வந்த மனிதர் அந்தப் பாறையில் உட்கார்ந்து, சட்டை போட்டுக்கொண்டு, எதற்காகத் தலை வாரினார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.