டப்பாவைக் காலியாகத் தரக் கூடாது

எதிர்வீட்டு உர்சுலா என் டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெர்மனிக்கு வந்த புதிது. ஆசையாக உருளைக்கிழங்கு போண்டா சுட்டுக் கொடுத்திருந்தேன். மறுநாள் டப்பா என் கதவடியில் இருந்தது. பளபளவென்று கழுவி, துடைத்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல். ஒரு பிடி சர்க்கரை கூடவா அந்த வீட்டில் இல்லை? போண்டா பிடிக்கவில்லை, அல்லது என்னையே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். மாடிப்படியில் பார்த்தபோது மனசு கேட்காமல், டப்பா காலியாக இருந்ததே என்றேன். உர்சுலாவின் முகம் வாடிவிட்டது. இரண்டு முறை கழுவினேனே, இன்னும் வாசனை போகவில்லையா என்று கேட்டார்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் பாத்திரம் காலியாகத் திரும்பாது. குழம்பு வந்த கிண்ணம் ஒரு வாழைப்பழத்தோடாவது போகும். என் குடும்பம் இப்போது அந்தப் பாத்திரங்களை நம்பித்தான் ஓடுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியாக்களை வளர்ப்பது என் ஆராய்ச்சி. பாலாற்றங்கரையில் பிறந்தவள், அந்த ஆற்றுக்காகவே இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது. கணவர் முரளி ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. என் சித்தி ஒருத்தி, பூச்சிக்கெல்லாம் நேரத்துக்குத் தீனி போடுகிறாள், பெற்ற பிள்ளைக்குப் போட ஆளில்லை என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாக்டீரியா பூச்சி இல்லை என்று விளக்கி நான் அலுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தேன். அது முடியும் நேரத்தில் பேராசிரியர் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார். ஆராய்ச்சியும் அப்போதுதான் கைகூடி வந்திருந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினேன். யாழினி ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போதும், ஊரிலேயே இருந்துவிடுவது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் அப்பாவும் மகளும் ஒரு சுற்று பெருத்திருந்தார்கள். வீடியோவில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரியவில்லை. நான் கிளம்பிய நாளிலேயே இது பொம்பளை இல்லாத வீடு என்று தெரு தீர்மானித்துவிட்டதாம். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் அனுப்புவார். எதிர்வீட்டு டீச்சர் இடியாப்பம் அனுப்புவார். முரளி என்னைவிட நன்றாகச் சமைப்பார் என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. வந்த பாத்திரத்தைக் காலியாக அனுப்பக் கூடாதே என்று அவர் காரக்குழம்பு வைத்து நிரப்பி அனுப்பினால், எந்த மெஸ்ஸில் வாங்குகிறாய் என்று விசாரித்தார்களாம். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை என்று சொல்லிவிட்டார்.

நூர்ஜஹான் அக்காவின் கணவர் பல வருடம் சவுதியில் இருந்தவர். அக்கா தனியாக மூன்று பிள்ளைகளை வளர்த்தார். நன்றி சொல்லப் போன இடத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணன் சவுதியில இருந்தப்போ உங்களுக்கு யாருக்கா பிரியாணி குடுத்தாங்க?”

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். “எனக்கு இன்னாத்துக்குமா? எனக்குத்தான் கை இருக்குதே.”

முரளிக்கும் இரண்டு கை இருப்பதைச் சொல்ல வந்து, அடுத்த பிரியாணியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அடுத்த பிரியாணி வரவில்லை. வீட்டுக்காரி வந்துவிட்டாள் அல்லவா, எல்லா வீட்டிலிருந்தும் சாப்பாடு ஒரே நாளில் நின்றுவிட்டது. நானே சமைத்தேன். ஆய்வகத்தில் துளித்துளியாக அளந்து பழகிய கைக்கு உப்பு எவ்வளவு என்பது மறந்திருந்தது. யாழினி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, நீ எப்போ போவ?”

“ஏன்டா கண்ணு?”

“நீ வந்ததுலேர்ந்து யார் வீட்லேர்ந்தும் பிரியாணியே வர்ல.”

முரளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். வேண்டாம் என்பாளோ என்று பயந்து வந்தவளுக்குப் போ என்று அனுமதி கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அடுப்படியில் தட்டைக் கழுவும்போது அழுதேன்.

கிளம்பும் நாளில் யாழினி தன் பள்ளிக்கூட டிபன் டப்பாவில் முரளி சுட்ட முறுக்கை நிரப்பிக் கொண்டுவந்தாள். இதைக் கொடுத்துவிட்டால் ஸ்கூலுக்கு எதில் எடுத்துப் போவாய் என்றேன். நூர்ஜஹான் ஆன்ட்டி டப்பா வீட்டில் ஜாஸ்தி இருக்கிறதாம்.

“இத நீ திருப்பிக் குடுக்கணும். கையில குடுக்கணும். காலியா குடுக்கக் கூடாது” என்றாள். அப்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டப்பா மூடியையே அழுத்திக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து பேராசிரியரிடம், இரண்டு வருடம் முடியாது, ஒரு வருடம்தான் இருப்பேன் என்றேன். காரணம் கேட்டார். மகளுக்கு ஒரு டப்பா திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தபால் செலவை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் என்றார்.

முறுக்கு தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கழுவி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். உர்சுலா இப்போது எங்கள் ஊர்ப் பழக்கத்தில் தேறிவிட்டார். காலி டப்பாவைப் பார்த்துப் பதறி, தன் தோட்டத்து ஆப்பிள் ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போனார். அது அழுகுமுன் நானே தின்றுவிட்டேன். மறுபடி ஒன்று வைத்தார், அதையும் தின்றேன். ஆம்பூர் போகும்வரை கெடாத ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.