மூளைக்கு வைத்த பொட்டு

சந்தனத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அது உறைத்தது.

மாமாவின் வண்டி அரிமளத்தில் எங்கள் வீட்டு வாசலில் பானட்டைத் திறந்துபோட்டு நின்றது. பெரிய டீசல் எஸ்யூவி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து நானும் அவரும் மாறி மாறி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் அலுமினியப் பெட்டி. ஆயுத பூஜைக்கு எல்லாப் பாகங்களுக்கும் மாமா ஒரு பொட்டு வைத்திருந்தார். இந்தப் பெட்டிக்கு மட்டும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வயர்க் கொத்து பெட்டிக்குள் நுழைகிற இடுக்கு வரைக்கும் அது வழிந்து காய்ந்திருந்தது.

“மாமா, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?”

“நீதானத்தா சொன்ன, இதுதான் வண்டிக்கு மூளைன்னு. மூளைக்கு ஒத்தப் பொட்டு போதுமா?”

சொன்னேன்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேலைக்கு அழைப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பவள், பக்கத்தில் யார் நின்றாலும் எதையாவது விளக்கிக்கொண்டிருப்பேன். அதை இவ்வளவு பக்தியோடு ஒருவர் கேட்டிருப்பார் என்று நினைக்கவில்லை.

“பூஜைக்கு முன்னாடி வண்டியக் கழுவினீங்களா?”

“கழுவாம? வாட்டர் சர்வீஸ்ல விட்டு, பானட்டத் தூக்கி நல்லா அடிக்கச் சொன்னேன். அப்பறம் வீட்டுல வச்சு மஞ்சத்தண்ணி.”

“மஞ்சத்தண்ணி எங்க தெளிச்சீங்க?”

மாமா விரலை நீட்டினார். நேராகப் பெட்டியை.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. வளைகுடாவில் வெகு காலம் முதலாளி வீட்டு வண்டிகளை ஓட்டியவர். திரும்பி வந்ததும் முதலில் வாங்கியது இந்த வண்டியைத்தான். செகண்ட்ஹேண்ட் என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டார். அவருடைய தங்கை, அதாவது என் சித்தி, தன் மகளுக்கு விராலிமலையில் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், சீர் கொண்டுவர வேண்டியதும் அவர்தான். “சீரு என் சொந்த வண்டியில வரும்” என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தார். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட முழுதாக இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போனில் வந்தார். மாமா ஸ்பீக்கரை அணைப்பதற்குள் தெருவுக்கே கேட்டுவிட்டது.

“என்ன மச்சான், வண்டி படுத்துருச்சாமே? சீரு வருமா, இல்ல இங்கிட்டுருந்து டிராக்டர் அனுப்பட்டுமா?”

“வரும் வரும். நீங்க மாலைய வாங்கி வையிங்க” என்று மாமா வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மல்டிமீட்டரை எடுக்க உள்ளே ஓடினேன்.

கடைசியில் டிராக்டர்தான் வந்தது, ஆனால் புதுக்கோட்டைக்கு இழுத்துப் போக. கயிறு கட்டி இழுபடுகிற வண்டியில் மாமா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எதிரே வந்த தெரிந்தவர்களுக்குக் கை வேறு காட்டினார்.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் அண்ணன் பெட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். “கற்பூரம் காட்டலயாண்ணே?” என்று மாமாவைக் கேட்டார். பிறகு கோளாறு கண்டுபிடிக்கிற ஸ்கேனரை வண்டியில் மாட்டினார். மற்ற பாகங்கள் பதில் சொல்லின, இந்தப் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. அதன் பெயர் இசிஎம். எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதெல்லாம் அது முடிவு செய்வதுதான்.

உடனே பெட்டி போச்சு என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குக் கரண்ட் போகிறதா என்று அண்ணன் பார்த்தார், போனது. எர்த் சரி, ஃபியூஸ் சரி. சென்சார்களுக்கு அந்தப் பெட்டிதான் ஐந்து வோல்ட் கொடுக்க வேண்டும். நான் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். ஏதாவது சென்சார் ஷார்ட்டாகி அதை இழுக்கிறதோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பூஜ்யம்தான். பேட்டரி வயரை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தோம். உள்ளே சர்க்யூட் தகட்டின் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு மூலையில் கருகிய கோடு. லேசாகச் சந்தன வாசனை.

“புதுசுக்குச் சொன்னா வர்றதுக்கு நாளாகும்த்தா” என்றார் அண்ணன். “மதுரையில பழைய சாமான் கடையில ஒண்ணு கெடக்கும். நம்பர் ஒத்து வரணும்.”

போனில் படம் அனுப்பச் சொல்லி, லேபிளில் இருந்த நம்பரை எழுத்து எழுத்தாக ஒத்துப்பார்த்தேன். கடைக்காரர் “பஸ்ஸுல போட்டு விடுறேன்” என்றார். எங்கள் பக்கம் எல்லாம் பஸ்ஸில்தான் வரும், பூவும் வரும், பம்ப் செட்டு மோட்டாரும் வரும். புது பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்கள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினேன். ஒரு கண்டக்டர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து பனியன் துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார்.

“என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?”

“வண்டியோட மூளைங்க.”

“அப்ப இதுக்கு ஃபுல் டிக்கெட்டுல்ல போட்டிருக்கணும்!”

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாட்டினோம். மாமா சாவியைத் திருப்பினார். இஞ்சின் ஒருமுறை உறுமியது, மாமா “முருகா!” என்றார், அடுத்த நொடியே அணைந்தது. திரும்பத் திருப்பினார். உறுமல், அணைப்பு. மீட்டர் போர்டில் சாவிப் படம் ஒன்று சிவப்பாக மின்னியது.

“என்னத்தா சொல்லுது?”

“நம்ம சாவிய இதுக்குத் தெரியலையாம் மாமா. இது வேற வண்டியில இருந்தது. நம்மளத் திருடன்னு நெனைக்குது.”

“என்னையவா? என் சொந்த வண்டியிலயா?”

இந்த இடத்தில் அவர் முகம் விழுந்துவிட்டது. அதுவரை அடித்த கிண்டலெல்லாம் போய், ஓரமாகக் கிடந்த டயர் மேல் உட்கார்ந்து, “வாடகை வண்டியே பேசிருவோம்” என்றார். மெதுவாகச் சொன்னார், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல. எனக்கு அது பொறுக்கவில்லை. பழைய பெட்டியை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். கருகியது மின்சாரம் கொடுக்கிற மூலை. சாவியின் அடையாளம் இருப்பது இந்தப் பக்கம், எட்டுக் காலோடு அரிசி அளவுக்கு இருக்கிற ஒரு சிப்புக்குள். அது பிழைத்திருந்தால், அதில் இருப்பதை மதுரைப் பெட்டிக்கு மாற்றிவிடலாமே?

கல்லூரியில் புராஜெக்ட்டுக்காக வாங்கிய சிப் படிக்கிற கருவி வீட்டில் அலமாரிக்குள் கிடந்தது. மறுநாள் காலையில் அதையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் மதுரைப் பெட்டியின் சிப்பில் இருந்ததைப் பத்திரமாகச் சேமித்தேன், நான் ஏதாவது கெடுத்தால் திரும்பிப் போக வழி வேண்டுமே. பிறகு நம் பழைய சிப்பைக் கிளிப்பில் கவ்விப் படித்தேன். வந்தது. இன்னொரு முறை படித்தேன். முதலில் வந்ததற்கும் இதற்கும் ஒத்துவரவில்லை. மூன்றாவது வேறு மாதிரி. இதில் எதை நம்பி எழுதுவது?

“கால்ல அழுக்கு இருக்கும்த்தா, கிளிப்பு ஒழுங்காக் கவ்வல” என்றார் அண்ணன்.

“ஸ்பிரிட் இருக்கு. தேய்க்கப் பிரஷ் வேணும், மெலிசா.”

மாமா எழுந்து வண்டிக்குப் போனார். முகூர்த்தத்தன்று விராலிமலையில் குளித்துக் கிளம்புவதற்காக எடுத்து வைத்திருந்த பையைத் திறந்து, உறைகூடப் பிரிக்காத டூத் பிரஷ்ஷை எடுத்து வந்தார். “சாஃப்ட்டுன்னு போட்டிருக்கு” என்று நீட்டினார்.

தேய்த்தேன். எட்டுக் கால்களுக்கும் பல் விளக்கிவிட்டேன். மஞ்சள் மஞ்சளாக வந்தது. காயவைத்துப் படித்தேன். மறுபடி படித்தேன். இரண்டும் ஒன்று. மூன்றாவதும் அதே. திரையின் கடைசி வரி வரைக்கும் ஒத்துப்போனது. “என்ன, என்ன?” என்று மாமா காதருகே கேட்டுக்கொண்டே இருந்தார். அதை மதுரைப் பெட்டியின் சிப்பில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்து, பெட்டியை மூடினோம். அண்ணன் மாட்டினார். பேட்டரி வயரைப் போட்டார்.

“நீங்களே போடுங்க மாமா.”

“நீ போடுத்தா.”

“உங்க சாவிதானே?”

சாவிப் படம் எரிந்தது, அணைந்தது. மாமா திருப்பினார். இஞ்சின் பிடித்தது. அணையுமோ என்று மூன்று பேரும் மீட்டர் போர்டையே பார்த்தோம். அது பாட்டுக்கு ஓடியது. அண்ணன் ஸ்கேனரில் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, “சொந்தக்காரர அடையாளம் கண்டுக்கிருச்சு” என்றார். மாமா ஹாரனை அடித்த அடியில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பழக்கடையில் நிறுத்தினார். எலுமிச்சம்பழமும் சந்தனமும் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நானும் கூடவே இறங்கினேன். நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. முடிவு இதுதான்: பொட்டு பானட்டுக்கு வெளியே மட்டும், இஞ்சின் பக்கம் ஈரத்துணியோடு சரி, மஞ்சள் தண்ணீர் டயருக்கு.

“டயருக்கா? கால்லயா தெளிக்கிறது?”

“பாத பூஜைன்னு வச்சுக்கங்க.”

காதுகுத்து அன்று சீர்த்தட்டுகள் பின்சீட்டில், பித்தளைக் குடம் அம்மாவின் மடியில், நான் முன்னால். எந்தச் சத்தம் வந்தாலும் பெட்டியோ என்று எனக்குத் திக்கென்றது. ஒவ்வொரு முறையும் அது குடத்தில் தட்டு இடிக்கிற சத்தம். விராலிமலை அடிவாரத்தில் சித்தப்பா மாலையோடு நின்றார். மாமா வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு வட்டம் அடித்து வந்து நிறுத்தினார். இஞ்சினை உடனே அணைக்கவும் இல்லை.

“டிராக்டர் வேணாம்ல மச்சான்?” என்றார் இறங்கியபடி.

“மச்சான், மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க. புள்ள பயப்படுது.”

குழந்தை மாமா மடியில் உட்கார்ந்து, காதில் ஊசி பட்டதும் அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். மாமா அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு சுற்றினார். பந்தியில் அவர் பக்கத்து இலையில் இருந்தவர் கட்டுமாவடிக்காரர், மீன் வண்டி வைத்திருப்பவர். அவர் வண்டியும் கிளம்பாமல் நிற்கிறதாம், உப்புக் காற்றில் பெட்டி போயிருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். மாமா என்னைக் கேட்கவே இல்லை. “எங்க மருமக வருவா. பிரஷ்ஷு மட்டும் வாங்கி வையிங்க” என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை இலையில் வாங்கிக்கொண்டார்.

போகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று பாக்கி இருக்கிறது. மதுரைப் பெட்டி நம் வண்டியில் ஓடுகிறது, சரி. கருகிய நம் பெட்டியையே பிழைக்க வைக்க முடியாதா? அந்த மூலையில் செத்தது ஒரு சின்னச் சிப்தான் என்று நினைக்கிறேன். அது தனியாகக் கிடைக்கிறது. சொல்லி வைத்திருக்கிறேன். சூட்டுக் காற்றில் பழையதைத் தூக்கிப் புதியதை உட்கார வைத்து, ஐந்து வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கட்டுமாவடிக்குத் தைரியமாகப் போவேன். வராவிட்டால் கொஞ்சம் குறைந்த தைரியத்தோடு போவேன்.

ஒரே சிக்கல், பெட்டி என்னிடம் இல்லை. உழைத்த சாமான் என்று மாமா அதைத் துடைத்து எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். நாளை வெள்ளிக்கிழமை. அம்மா சந்தனம் கரைப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.